‘சீட்டு’ என்று எழுதியது நான்தான்

என் நாட்குறிப்பில் 11.6.2007, திங்கள் என்று தேதியிட்ட பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது: “மகேஸ்வரி காலை பத்தரைக்கு வந்தார். விசா புதுப்பிக்க வேண்டாம் என்ற படிவம். காரணம் கேட்டேன். காரணம் என் எழுத்து. நாளை வரச் சொன்னேன்.” கடைசி வரியின் கீழ் பிற்பாடு ஒரு நாள் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். போட்ட தேதியைக் குறிக்கவில்லை. தேதி குறிக்காமல் நான் செய்த காரியங்கள் மிகச் சில.

துபாயிலும் ஷார்ஜாவிலும் மொழிபெயர்ப்பு அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். துபாயின் தேரா பகுதியில் ஒரு அலுவலகத்தில் இருபத்தோரு ஆண்டுகள் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவன் நான். பிறப்புச் சான்றிதழையும் வாடகை ஒப்பந்தத்தையும் எப்படிப் பெயர்ப்பது என்று யாராவது உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. இன்று அமீரகத்தில் லாட்டரிக்கு அரசே உரிமம் கொடுக்கிறது. கண்காணிக்க ஆணையம் இருக்கிறது. விதிமுறைகளைத் தமிழில் கொடுங்கள் என்று ஒருவர் டை கட்டிக்கொண்டு உங்கள் மேசைக்கு வருவார். அவர் வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சாந்தமாக எழுத முயன்று இரண்டு முறை கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது முறை. கோபம் போகவில்லை. இருக்கட்டும்.

2006இல் இங்கே லாட்டரி என்ற சொல்லையே யாரும் காகிதத்தில் எழுத மாட்டார்கள். சூதாட்டம் குற்றம். ஆனால் ஒரு பொருளை விற்று, அதை வாங்கியவர்களுக்குக் குலுக்கல் நடத்திப் பரிசு கொடுக்கலாம். அதற்கு அனுமதி உண்டு. அந்த வாசல் வழியாக ஒரு நிறுவனம் உள்ளே வந்தது. பெயர் வேண்டாம். தேராவிலும் அபுதாபியின் முசஃபாவிலும் மளிகைக் கடைகளின் வாசலில் தொடுதிரை இயந்திரங்களை நிறுத்தினார்கள். நோட்டைச் செருகினால் ஊருக்குப் பேசும் டெலிபோன் கார்டு வரும்; கூடவே ஒரு துண்டுத் தாள் வரும். அந்தத் தாளின் எண் மாதக் கடைசியில் நடக்கும் கம்ப்யூட்டர் குலுக்கலில் சேரும். மொத்தம் பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு குலுக்கல். கார்டு பெயருக்குத்தான். ஜனங்கள் வாங்க வேண்டியது தாளை. இது நிறுவனத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விளம்பர நோட்டீஸ் ஐந்து மொழிகளில் வேண்டும் என்று எங்களிடம் வந்த நாள் 8.6.2006, வியாழன். அப்போது வாரவிடுமுறை வெள்ளி, சனிக்கு மாறியிருக்கவில்லை. வியாழன் அரை நாள். மறுநாள் உலகக் கோப்பைக் கால்பந்து தொடக்கம். இரண்டு மணிக்குக் கதவைப் பூட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். பக்கத்து மேசையில் மலையாளம் எழுதும் வர்கீஸ் பன்னிரண்டரைக்கே முடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

ஆங்கில மூலத்தில் ‘என்ட்ரி’ என்று இருந்தது. குலுக்கலில் சேரும் ஒரு பதிவு. தமிழில் அதற்கு என்ன எழுதுவது? ‘பதிவு’ என்றால் தபால் நினைவுக்கு வரும். ‘கூப்பன்’ என்று எழுதலாம்; எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. ஊரில் லாட்டரிச் சீட்டு, பரிசுச் சீட்டு என்று கேட்டு வளர்ந்தவன். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும் வரை எங்கள் பேருந்து நிலையத்தில் சீட்டு விற்காத பெட்டிக்கடை கிடையாது. ‘சீட்டு’ என்றே எழுதினேன். அடுத்த வாக்கியம், பரிசு பெறும்வரை ஒரு பதிவு எல்லாக் குலுக்கலிலும் சேர்த்துக்கொள்ளப்படும் என்றது. அதையும் எளிமையாக்கினேன்: “உங்கள் சீட்டு விழும்வரை ஒவ்வொரு மாதக் குலுக்கலிலும் இருக்கும். மொத்தம் பன்னிரண்டு குலுக்கல்.” தலைப்பு: “மாதாந்திரக் குலுக்கல் சீட்டு.” அதற்கு மேல் பெரிய எழுத்தில்: “அரசு உரிமம் பெற்றது.”

வாசித்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் புரியும் தமிழ் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு, ‘சரியான மொழிபெயர்ப்பு’ என்ற முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டேன். மணி ஒன்று நாற்பது.

நீங்கள் தமிழர்கள். எங்கே தவறு என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு ஒரு வருடம் ஆனது.

மகேஸ்வரி எங்கள் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் கம்பெனியின் ஆள். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நாற்பது வயதிருக்கும். எங்கள் மாடிக்கு வரும்போது அவருக்கு வரும் ஆங்கிலக் காகிதங்களை என்னிடம் காட்டுவார். அந்தத் திங்கட்கிழமையும் ஒரு படிவத்தோடு வந்தார்.

“சேர், இதில கீழ ஒரு வரி எழுதித் தாங்க. முப்பதாந் தேதிக்குப் பொறகுதான் டிக்கட் போடணும்னு.”

படித்துப் பார்த்தேன். வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விருப்பமில்லை, விசாவை ரத்து செய்யலாம் என்று தொழிலாளி எழுதிக் கொடுக்கும் படிவம்.

“இது என்னன்னு தெரியுமாம்மா? கையெழுத்துப் போட்டா வேலை போயிரும்.”

“தெரியும் சேர். ரெண்டு வருசம் போதும். நாட்டுக்குப் போயி தோட்டத்து லய வீட்டை விட்டு வெளிய வந்துறணும். வீடு கட்ட காணி ஒண்ணு பேசி வச்சிருக்கு, பத்து பேர்ச்சஸ். அட்வான்சும் குடுத்தாச்சு.”

“மீதிக்கு?”

“அதான் இந்த மாசம் சீட்டு முடியுதே.”

சொல்லிவிட்டு மேலங்கிப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே இயந்திரம் கொடுத்த துண்டுத் தாள்கள். மாதத்துக்கு இரண்டு வீதம் பதினோரு மாதத்துக்கும், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒன்று, இரண்டு என்று பேனாவால் எண் போட்டு அடுக்கியிருந்தார். அடியில் நான்காக மடித்த நோட்டீஸ். விரித்துக்கூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் வாக்கியம் மடிப்புக்கு மேலேயே தெரிந்தது.

“உங்க ரூம்ல எல்லாரும் சேர்ந்து போட்ட சீட்டு என்னாச்சு?” என்று கேட்டேன். வேறு ஏதாவது சீட்டைச் சொல்கிறாராக இருக்கும் என்று ஒரு கணம் நம்பினேன்.

“அதை விட்டுட்டேன் சேர். முந்தி ஒருத்தி சீட்டுப் புடிச்சு பாதியில ஓடிட்டா. இது கவர்மெண்டு சீட்டு, மிசின் புடிக்குது. மிசின் எங்க ஓடும்?” அவருக்கே சிரிப்பு வந்தது.

“பதினோரு மாசமா உங்களுக்கு விழலியே.”

“பிந்தி விழுறவங்களுக்குத்தான் சேர் கூட வரும். நீங்க சீட்டே போட்டதில்லையா? படிச்சவங்க இதுலயெல்லாம் மக்கா இருக்கீங்க.”

“விழாமலே போயிட்டா?”

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். “சீட்டுன்னா விழாம இருக்குமா? முந்தி விழும், பிந்தி விழும். விழாம இருந்தா அது லொத்தர்.”

அதுதான். அவர் நாட்டில் லாட்டரிக்கு லொத்தர் என்று தனிச்சொல் இருக்கிறது. சீட்டு என்றால் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதாமாதம் கட்டி, குலுக்கிப் போட்டு, ஒவ்வொருவரும் தம் முறைக்கு எடுத்துக்கொள்வது. ஒருமுறை பெயர் விழுந்தவர் அடுத்த குலுக்கலில் இல்லை. ஆகவே கடைசி மாதம் கடைசி ஆளுக்கு விழுந்தே தீரும். என் நோட்டீஸைத் திரும்பப் படியுங்கள். மாதாந்திரக் குலுக்கல் சீட்டு. விழும்வரை இருக்கும். பன்னிரண்டு குலுக்கல். அரசு உரிமம். அதில் சீட்டைத் தவிர வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. லாட்டரியை நான் எழுதவே இல்லை.

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? “அம்மா, இது சீட்டு இல்லை. நான் தப்பாக எழுதிவிட்டேன். இதில் கையெழுத்துப் போடாதீர்கள்” என்று சொல்ல வேண்டும். எண்ணிப் பார்த்தேன், பத்துச் சொல். நான் சொன்னது, “நாளைக்கு வாங்க, பார்த்து எழுதித் தரேன்.”

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த நோட்டீஸில் என் கையெழுத்து இருந்தது. முத்திரை இருந்தது. உரிமம் கொடுத்த அலுவலகத்தில் அதன் பிரதி கோப்பில் இருந்தது. முதலில் மேனேஜரிடம் சொல்லிவிட்டு முறைப்படி செய்யலாம் என்று நினைத்தேன். முறை என்ற சொல்லுக்குப் பின்னால் பயம் எவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வர்கீஸிடம் கேட்டேன். அவர் மலையாளத்தில் என்ன எழுதினார்?

“கூப்பன்,” என்றார். “வேற என்ன எழுதணும்? எங்க நாட்டுல சீட்டுக்குச் சிட்டி, லாட்டரிக்குப் பாக்யக்குறி, வேற வேற சாரே. ரெண்டும் சர்க்கார் நடத்துது. ரெண்டையும் மாத்தி எழுதினா அடி கிட்டும்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஐயோ, நிங்ஙள் சிட்டின்னு எழுதியோ?” என்றார்.

ஒருவர் மட்டும் தப்பாகப் படித்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. முசஃபாவில் வெல்டிங் பட்டறையில் இருந்த என் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். அந்த மிஷின் சீட்டு எப்படி என்று பொதுவாகக் கேட்டேன்.

“நல்ல சீட்டு அண்ணாச்சி. எங்க கேம்ப்ல தமிழாளு பூராவும் போட்டுருக்கோம்லா. சம்பளம் வந்த மறுநாளே கட்டிருவோம். தவணை தவறுனா வெட்டி விட்ருவாம்லா?”

போனை வைத்தேன். தமிழ்நாட்டுக்காரர்களும் அப்படியே. இலங்கை வழக்கு என்று சாக்குச் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

மேனேஜர் ஹைதராபாத்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தினார். “ஏக் தின் ருக்கோ, பாய்,” என்றார். ஒரு நாள் பொறு. கிளையண்டை நாளைக் காலை வரச் சொல்கிறேன். அதுவரை வெளியே வாயைத் திறக்காதே. ‘சரியான மொழிபெயர்ப்பு’ என்று முத்திரை குத்திவிட்டு நாமே தவறு என்று சொன்னால் அலுவலகத்தின் லைசன்ஸ் என்ன ஆகும், இங்கே வேலை செய்யும் ஒன்பது பேர் என்ன ஆவார்கள்? நான் தலையாட்டினேன். ஒன்பது பேரின் சோறு என்றதும் என் மௌனத்துக்கு ஒரு தருமம் கிடைத்துவிட்டது.

செவ்வாய் காலை பத்து மணிக்கு மகேஸ்வரி வந்தார். படிவம் கையில்.

“மதியம் வாங்கம்மா. ஒரு மீட்டிங் இருக்கு.”

“பன்னண்டு மணிக்கு சூப்பர்வைசர் வேன் வருது சேர். எல்லாரோட பாரத்தையும் இன்னைக்கே வாங்கிட்டுப் போறாங்களாம். ஒரு வரிதானே சேர்?”

“மதியம் வாங்க,” என்றேன் மறுபடியும்.

நிறுவனத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து வந்தவர் பிரகாஷ். சென்னைப் பையன், நல்ல சட்டை, நல்ல பேச்சு. நான் சொன்னதை அவர் மறுக்கவில்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்களுக்கு மூணாவது மாசமே தெரியும்,” என்றார்.

“தெரியுமா?”

“கால் சென்டருக்குப் போன் பண்ணி ‘எங்க முறை எப்ப’ன்னு கேக்கறாங்க சார். நாங்க என்ன பண்றது? நீங்க சர்ட்டிஃபை பண்ணின டெக்ஸ்ட். மாத்தணும்னா திரும்ப அப்ரூவல் வாங்கணும். அதுக்குள்ள பன்னெண்டு டிராவும் முடிஞ்சிடும். கலாஸ்.”

“அவங்க ஏமாந்துட்டு இருக்காங்க.”

“யாரும் ஏமாத்தல சார். குலுக்கல் சுத்தமா நடக்குது. அதிகாரி முன்னாடி நடக்குது. கம்ப்யூட்டர் யாருக்கும் சொந்தக்காரன் இல்ல.” பிறகு பையிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து மேசையில் போட்டார். “சொல்லப்போனா உங்களுக்குத்தான் நாங்க தேங்க்ஸ் சொல்லணும்.”

அந்தக் கோப்பு எனக்குத் தெரியாததல்ல. முந்தைய மாதம் எங்கள் அலுவலகத்தில்தான் அதன் அரபுப் பிரதி தட்டச்சாகிக்கொண்டிருந்தது. இந்த டெலிபோன் கார்டு வேஷத்தை விட்டுவிட்டு, அரசே தன் பெயரில் மின்னணுக் குலுக்கல் நடத்தலாம், உரிமம் பெற்ற நிறுவனங்கள் இயந்திரங்களை இயக்கலாம், வருமானத்தில் அரசுக்குப் பங்கு என்று கேட்கும் விண்ணப்பம். ஜனங்கள் எப்படியும் ஆடுகிறார்கள், ஒளிந்து ஆடுவதைவிடச் சட்டத்தின் கண்ணெதிரே ஆடட்டும் என்பது வாதம். வாதத்தில் நியாயம் இருக்கலாம். அதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன், இரு பக்கமும் பேசத் தெரியும். பிரகாஷ் திறந்து காட்டியது நான் பார்த்திராத ஒரு பக்கம். தமிழ் நோட்டீஸின் படமும், கீழே ஒரு பத்தியும்.

“எந்த நாட்டு ஆளும் இப்படி வாங்கல சார். தமிழ் ஆளுங்க மட்டும் மாசா மாசம் தேதி தவறாம வாங்கறாங்க. ஒரு மாசம் வாங்கிட்டு விட்டுடறதே கிடையாது. இதுதான் எங்க ப்ரூஃப். ஜனங்களுக்கு இது வேணும்ங்கறதுக்கு இதைவிட என்ன ப்ரூஃப் வேணும்?”

“அது ஆசை இல்ல தம்பி. தவணை. அவங்க தவணை கட்டிட்டிருக்காங்க!”

“என்னவா வேணா இருக்கட்டும் சார். மிஷின்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் விழுது.”

இதை உங்களுக்காக அப்படியே எழுதி வைத்தேன். ஒரு சொல்லை நம்பி, மிச்சம் பிடித்து, தேதி தவறாமல் கட்டியவர்களின் ஒழுங்கை எடுத்து, சூதாட்டத்துக்கான பசி என்று பெயர் மாற்றி, அரசாங்கத்தின் மேசையில் வைக்கிறார்கள். உரிமம் வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று உங்களிடம் சொல்வார்கள். உரிமம் இயந்திரத்தைச் சோதிக்கும், குலுக்கலைச் சோதிக்கும், கம்பெனியின் வங்கிக் கணக்கைச் சோதிக்கும். வாங்குகிறவர் எதை வாங்குவதாக நினைத்துக்கொண்டு வாங்குகிறார் என்பதைச் சோதிக்க அதில் கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள். அரைநாள் வியாழக்கிழமையில், பையை எடுத்துக்கொள்ளும் அவசரத்தில்.

கூட்டம் ஒரு மணிக்கு முடிந்தது. மேனேஜர் பிரகாஷை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டார். நான் படியிறங்கி ஓடினேன். தரைத்தளத்தில் வேறொரு பெண் துடைத்துக்கொண்டிருந்தார். “மகேஸ்வரி அக்காவா? வேன்ல போயிட்டாங்களே,” என்றார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கட்டட வாசலில் நின்றேன். வாளியோடு வந்தவரை ஓரமாக அழைத்துச் சொன்னேன். நேராகச் சொன்னேன் என்று எழுத ஆசை. சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்ப விழாதா சேர்?”

“விழலாம். லட்சத்துல ஒருத்தருக்கு விழற மாதிரி.”

“லொத்தர்.”

“ஆமா. லொத்தர்.”

“யார் சேர் சீட்டுன்னு எழுதினது?”

“நான்தான்.”

ஆள் தவறு செய்வது அவருக்குப் புதிதல்ல போலிருந்தது. வேறொன்றுதான் கேட்டார்.

“நேத்து நான் வந்தப்ப இது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“முந்தாநாளு?”

“தெரியும்.”

வாளியைக் கீழே வைத்தார். “என்னா மனுசன் சேர் நீங்க? கையில பாரத்தை வச்சுக்கிட்டு நிக்கிறேன், நாளைக்கு வா, மதியம் வான்னு சொல்றீங்க. தப்பா எழுதினதை நான் கேக்க மாட்டேன். எழுத்துன்னா தப்பு வரும். வாய்க்கு என்னா கேடு? நீங்க சொல்லியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேனே! நேத்து டைப்பிங் கடையில பத்து திர்ஹம் குடுத்து அந்த வரிய எழுதிக்கிட்டு, நானா சேர் சைன் வச்சுக் குடுத்தேன். நானா குடுத்தேன்!”

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். அந்த ஒன்றையாவது செய்தேன்.

அன்று லீவு சொல்லிவிட்டு அவரோடு அவருடைய கம்பெனிக்குப் போனேன். அரசு அலுவலகக் காரியங்களைப் பார்க்கும் மந்தூப் ஒரு பெஷாவர்க்காரர். நல்ல மனிதர்தான், எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். “பாய், காலையில் ஏழரைக்கே பாஸ்போர்ட் கட்டு இமிகிரேஷனுக்குப் போய்விட்டது. இவர் இடத்துக்கு வேறு ஆளுக்கு விசா கேட்டாகிவிட்டது. நேற்று வந்திருந்தால் என் மேசையில் இருந்தது, கிழித்துப் போட்டிருப்பேன்.” இந்தியில் சொன்னதை நான் மகேஸ்வரிக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் நான் செய்த மிகத் துல்லியமான மொழிபெயர்ப்பு அதுவாக இருக்கும். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ‘நேற்று’ என்பதையும்.

14.6.2007, வியாழன் அன்று உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு நானே கடிதம் எழுதினேன். தமிழ் நோட்டீஸ் தவறான மொழிபெயர்ப்பு, தவறு என்னுடையது, தமிழர்கள் வாங்கியதை எந்த விண்ணப்பத்துக்கும் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று. ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை போட்ட பிரதி என்னிடம் இருக்கிறது. பதில் வரவில்லை. மேனேஜர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அலுவலகத்தின் லைசன்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒன்பது பேரில் ஒருவர் சோறும் போகவில்லை. அந்தப் பெரிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். என் கடிதத்தால் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஆதாரம் இல்லை. இந்த நாட்டில் அதை நிராகரிக்க வேறு நூறு காரணங்கள் இருந்தன. முசஃபாக்காரரிடம் அன்றே சொன்னேன். அவர் கேம்பில் பாதிப் பேர் நம்பவில்லை. “கவர்மெண்டு சீல் போட்டிருக்கு, இவரு என்ன சொல்லுதாரு” என்றார்களாம்.

மகேஸ்வரி எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரியைக் கம்பெனி கண்டுகொள்ளவில்லை; 27ஆம் தேதியே ஊருக்குப் புறப்பட்டார். ஷார்ஜா ரோலாவில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். நான் பணம் வைத்த ஒரு உறையை நீட்டினேன். என்ன என்று பார்க்காமலே வேண்டாம் என்று தலையை அசைத்தார். பிறகு தன் பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து என் கையில் வைத்தார்.

“முப்பதாந் தேதி நீங்களே பாருங்க சேர். விழுந்தா ஒங்களுக்கே.”

பார்த்தேன். இருபத்திரண்டு எண்களையும் ஒவ்வொன்றாக, இரண்டு முறை. கடை வாசலில் ஒட்டிய பட்டியலில் எதுவும் இல்லை.

உங்களுக்கு அறிவுரையாகச் சொல்ல என்னிடம் இருப்பது சொற்பம். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அகராதியில் அதன் பொருளைப் பார்த்தால் போதாது. உங்கள் வாசகர் அந்தச் சொல்லை வைத்துக் கடைசியாக என்ன காரியம் செய்தார் என்று விசாரியுங்கள். வாடிக்கையாளர் உங்கள் மொழிபெயர்ப்பை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் அதை மறுபடி எடுத்துப் படியுங்கள். தவறு தெரிந்த நொடியில் முதலில் சொல்ல வேண்டியது அதனால் கெடப்போகிற ஆளிடம். மேனேஜர், கடிதம், முத்திரை எல்லாம் அதற்குப் பிறகு. “ஒரு நாள் பொறு” என்று யாராவது சொன்னால், அந்த ஒரு நாள் யாருடையது என்று கேளுங்கள்.

பிறகு நடந்ததாக எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஹட்டன் முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டேன், 2.8.2007, 19.11.2007. இரண்டுக்கும் பதில் இல்லை, திரும்பியும் வரவில்லை. 2008 டிசம்பரில் குவைத்திலிருந்து என் கொழுந்தியாள் போன் செய்தாள். ஃபர்வானியாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். பேச்சுவாக்கில் சொன்னாள், குவைத்தி வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேலைக்காரப் பெண் ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தாராம். சிலோன் தமிழ். முன்பு துபாயில் கம்பெனியில் கிளீனிங் வேலை பார்த்தவராம், கையெழுத்துப் போட்டு அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாராம், பேசி வைத்த காணி கைமாறிவிட்டதாம்.

“பேரு மகேஸ்வரியா?” என்று கேட்டேன்.

“இல்ல அத்தான், கார்டுல வேற பேரு. ஆனா ஏஜென்சிக்காரன் வயசைக் குறைச்சு வேற பாஸ்போர்ட்ல அனுப்புவான்லா, எத்தன பேரைப் பாக்குறோம். ஏன், உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா? அந்த வீட்டுல லீவே கிடையாதாம், பாவம். நான் போன் நம்பர் எழுதிக் குடுத்தேன். வாங்கல.”

அந்தப் பெண் மறுபடி அந்தக் கிளினிக்குக்கு வரவில்லை. அவர் மகேஸ்வரிதானா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. இன்றுவரை உறுதியாகவில்லை.